பழைய ஸ்போர்ட்ஸ் கார் ‘கீச் கீச்’ என்கிறதா? பாகத்தை மாற்றும் முன் காதைத் தீட்டுங்கள்

வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கும்போது முன்சக்கரப் பக்கமிருந்து ‘கீச்... கீச்...’ என்று ஒரு சத்தம். பழைய இரும்புக் கட்டிலில் யாரோ புரண்டு படுத்ததுபோல. பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் இதற்குப் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் செய்கிறார்கள். ஒன்று, “பழைய வண்டின்னா சத்தம் வரத்தான் செய்யும்” என்று பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவிடுவது. இன்னொன்று, “முன்பக்கம் முழுசையும் மாத்திடுங்க” என்று சொல்லிவிட்டு, பில்லைப் பார்த்துத் தலையில் கைவைப்பது.

இரண்டுமே தவறு. முதலாவது உயிருக்கு ஆபத்தாக முடியலாம். இரண்டாவது பர்ஸைக் காலிசெய்யும். அதற்குப் பிறகும் சத்தம் நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. முதலில் செய்ய வேண்டியது, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது. அதற்குப் பெரிய செலவு எதுவும் கிடையாது.

எந்த கார்?

உதாரணத்துக்கு மஸ்டா எம்எக்ஸ்-5 காரை எடுத்துக்கொள்வோம். 1989 பிப்ரவரியில் ஷிகாகோ ஆட்டோ ஷோவில் அறிமுகமான, கூரையைத் திறந்து மூடக்கூடிய இரண்டு இருக்கை கார். அமெரிக்காவில் ‘மியாட்டா’, ஜப்பானில் ‘யூனோஸ் ரோட்ஸ்டர்’ என்ற பெயர்களில் விற்பனைக்கு வந்தது. உலகில் அதிகம் விற்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் என்று கின்னஸில் இடம்பிடித்தது. 2016 ஏப்ரலில் 10 லட்சமாவது கார் தயாரானது.

இந்தியச் சாலைகளில் இதைப் பார்ப்பது அரிது. ஆனால், அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பானில் பலருக்கு இதுதான் முதல் ஸ்போர்ட்ஸ் கார். 1997 வரை வந்த முதல் தலைமுறை கார்கள் கால் நூற்றாண்டைத் தாண்டிவிட்டன. அதிகம் ஓடாமல் வீட்டு ஷெட்டிலேயே நின்ற கார்களுக்கும் விதிவிலக்கு இல்லை. ரப்பருக்குக் கிலோமீட்டர் மட்டும் கணக்கில்லை, வருடமும் கணக்கு. ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது இறுகி, வெடிப்பு விடும்.

சத்தம் ஏன் வருகிறது?

இந்த காரின் முன்சக்கரங்களை ஒவ்வொரு பக்கமும் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு ஆர்ம்கள் தாங்குகின்றன. ‘டபுள் விஷ்போன்’ என்பது இந்த அமைப்பின் பெயர். ஆர்ம்கள் காரின் சட்டத்தோடு சேரும் இடத்தில் ரப்பர் புஷ் இருக்கும். சக்கரத்தோடு சேரும் இடத்தில் பால் ஜாயின்ட் இருக்கும். இவை தவிர, வளைவில் கார் சாயாமல் பிடித்துக்கொள்ள ஸ்டெபிலைசர் பார் ஒன்று இரண்டு பக்கத்தையும் இணைக்கிறது.

‘கீச்’ சத்தத்துக்கு இந்த மூன்றுதான் முக்கியமான சந்தேக நபர்கள்.

ஸ்டெபிலைசர் பாரின் ரப்பர்: பார் இதற்குள் லேசாகச் சுழலும். ரப்பர் காய்ந்து, மண் புகுந்தால் கத்த ஆரம்பிக்கும். விலை குறைவு, மாற்றுவது சுலபம், ஆபத்தும் பெரிதாக இல்லை.

ஆர்ம் புஷ்: இது வேறு ரகம. உள்ளே ஓர் இரும்புக் குழாய், வெளியே ஒன்று, நடுவில் இரண்டோடும் ஒட்டிய ரப்பர். ஆர்ம் அசையும்போது ரப்பர் முறுக்கிக்கொள்ள வேண்டும், வழுக்கக் கூடாது. ஒட்டு விட்டுப்போனால் குழாய் ரப்பர்மீது தேய்ந்து கீச்சிடும்.

பால் ஜாயின்ட்: இதுதான் உண்மையான வில்லன். மேலிருக்கும் ரப்பர் உறை கிழிந்தால் தண்ணீர் உள்ளே போகும், கிரீஸ் வெளியேறும். முதலில் கீச்சிடும், பிறகு ஆட்டம் காணும். கடைசியில் கழன்றுவிட்டால், ஓடும்போதே சக்கரம் மடங்கிவிடும்.

மூன்றின் சத்தமும் காதுக்குக் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். “பழைய வண்டி, அப்படித்தான்” என்ற சமாதானம் ஆபத்தாவது இந்த இடத்தில்தான்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் பிரேக்கையும் இன்ஜினையும் விலக்கிவிடுங்கள். சக்கரம் சுற்றுவதற்கு ஏற்பச் சத்தம் வந்தால், அல்லது பிரேக்கைத் தொட்டதும் மாறினால், சஸ்பென்ஷனை விட்டு பிரேக்கைப் பாருங்கள். மேடு பள்ளத்தில் மட்டும் வந்தால் இந்த மூவரில் ஒருவர்தான்.

அடுத்து, இன்ஜினை அணைத்துவிட்டு காரின் முன்பக்கத்தை ஒருவர் அழுத்தி அழுத்தி விட வேண்டும். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பிவைத்தால், சக்கர வளைவுக்குள் இன்னொருவர் கைவிட இடம் கிடைக்கும். ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுப் பார்த்தால், கத்தும் இணைப்பில் அதிர்வு விரலுக்குத் தெரியும். ஸ்பிரிங் சுருள்களுக்கு நடுவில் மட்டும் விரல் போகக் கூடாது. காருக்கு அடியில் படுக்கவும் கூடாது.

இன்னும் சந்தேகமா? ஒரு ஸ்ப்ரே பாட்டிலில் வெறும் தண்ணீர் போதும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு புஷ்ஷை நனைத்து, மறுபடி அழுத்திப் பாருங்கள். சத்தம் நின்றாலோ மாறினாலோ ஆள் மாட்டிக்கொண்டார். மழை நாளில் மட்டும் கார் அமைதியாக ஓடுவதற்கும் இதுதான் காரணம். ஸ்டெபிலைசர் பார்மீது சந்தேகம் என்றால், இரண்டு பக்க லிங்க்கையும் கழற்றிவிட்டு அழுத்திப் பார்க்கலாம். சத்தம் போய்விட்டால் தேடல் முடிந்தது.

பால் ஜாயின்ட்டுக்குத் தனிச் சோதனை உண்டு. இந்த காரில் ஸ்பிரிங்கின் பாரம் கீழ் ஆர்ம்மீது இறங்குகிறது. அதனால், கீழ் ஆர்மின் வெளிமுனைக்கு அருகே ஜாக்கி வைத்துத் தூக்கினால்தான் ஜாயின்ட் தளரும். ஸ்டாண்ட் வைத்துப் பாதுகாத்த பிறகு, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஜாயின்ட்டில் ஆட்டம் தெரிந்தாலோ உறை கிழிந்திருந்தாலோ, அன்றே காரை நிறுத்திவிடுவது நல்லது.

எண்ணெய் அடித்தால் போதுமா?

“ஒரு ஸ்ப்ரே அடிச்சா சரியாயிடும்” என்பது எல்லா ஊரிலும் உள்ள வைத்தியம். சத்தம் நிற்கும்தான், சில நாளைக்கு. ஆனால், பெட்ரோலியம் சார்ந்த எண்ணெய் இயற்கை ரப்பரை உப்பவைத்து மென்மையாக்கிவிடும். ஸ்டெபிலைசர் ரப்பருக்கு சிலிக்கான் கிரீஸ் போடலாம். ஒட்டு விட்டுப்போன ஆர்ம் புஷ்ஷுக்கு எந்த கிரீஸும் மருந்தில்லை, மாற்றத்தான் வேண்டும். பால் ஜாயின்ட்டின் கீச்சொலியை எண்ணெயால் அடக்குவது, தீ அலாரத்தின் பேட்டரியைக் கழற்றுவதற்குச் சமம்.

மாற்றும்போது நடக்கும் தவறு

புதிய புஷ் போட்டும் சில மாதத்தில் மறுபடி சத்தம் வருகிறது என்றால், பெரும்பாலும் பாகத்தைக் குறைசொல்ல முடியாது. போல்ட் முறுக்கிய நேரம்தான் தவறு. கார் அந்தரத்தில், சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கினால், காரை இறக்கியதுமே உள்ளே ரப்பர் முறுக்கிக்கொள்ளும். நிற்கும்போதும் ஓடும்போதும் அந்த முறுக்கு போகாது. ரப்பர் சீக்கிரமே கிழியும். காரின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே கடைசி இறுக்கு. மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி இருக்கிறது என்றால் அது இதுதான்.

கீழ் ஆர்மின் உள்பக்க போல்ட்டுகள் வழியாகத்தான் இந்த காரின் வீல் அலைன்மென்ட்டும் சரிசெய்யப்படுகிறது. கழற்றும் முன் குறி வைத்துக்கொள்ள வேண்டும். வேலை முடிந்ததும் அலைன்மென்ட் கட்டாயம். குளிர்காலத்தில் சாலையில் உப்பு தூவும் நாடுகளில் இவை புஷ்ஷோடு சேர்ந்து துருப்பிடித்துக்கொள்ளும். சில நேரம் அறுத்தெடுக்கவும் நேரிடும். அந்தச் செலவையும் முன்பே கணக்கில் வைப்பது நல்லது.

பாலியூரித்தேன் நல்லதா?

ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் புஷ் போடுவது ‘அப்கிரேட்’ என்று சொல்லப்படுகிறது. பந்தயத் தடத்தில் ஓட்டுபவருக்குச் சரி. ஆனால், இது ரப்பர்போல முறுக்கிக்கொள்வதில்லை. குழாய் இதற்குள் சுழல்கிறது. கிரீஸ் காய்ந்தால் மறுபடியும் கீச்சொலிதான். சத்தம் தாங்காமல் பாகம் மாற்றுபவர், சத்தம் போடும் வாய்ப்புள்ள பாகத்தையே தேடிப்போய் வாங்குவதில் அர்த்தமில்லை. அலுவலகத்துக்கும் ஞாயிற்றுக்கிழமை ரவுண்டுக்கும் ஓட்டும் காருக்கு ரப்பரே போதும்.

நம்ம ஊர் காருக்கும் பொருந்துமா?

முறை பொருந்தும், பட்டியல் மாறும். இங்கே ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றின் முன்பக்கம் ‘மேக்ஃபர்சன் ஸ்ட்ரட்’ அமைப்பு கொண்டது. அதில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஸ்ட்ரட்டும் சேர்ந்து திரும்பும். அதனால் அதன் மேல்முனையில் உள்ள பேரிங்கும் சந்தேகப் பட்டியலில் சேரும். எம்எக்ஸ்-5 காரில் ஷாக் அப்சார்பர் அப்படித் திரும்புவதில்லை. அங்கே அந்தச் சந்தேகமே வேண்டாம். மேல் ஆர்ம் இல்லாததால், ஜாக்கி வைக்கும் இடமும் மாறும்.

எந்த காராக இருந்தாலும், ஒர்க்‌ஷாப்பில் “முழு செட் மாத்தணும்” என்று சொன்னால் கோபப்பட வேண்டாம். “எந்த இணைப்பிலிருந்து சத்தம் வருது, காட்டுங்க” என்று மட்டும் கேளுங்கள். தொட்டுக் காட்ட முடிந்தவரிடம் சாவியைக் கொடுக்கலாம்.