ஞாயிற்றுக்கிழமை அடுப்பு



ஞாயிற்றுக்கிழமை என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? பள்ளிக்கூடம் இல்லை, யூனிஃபார்ம் இல்லை, கொஞ்சம் தாமதமாக எழுந்திருக்கலாம். அப்புறம்? மத்தியானச் சாப்பாடு! மற்ற நாள்களில் டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதத்தையோ தயிர் சாதத்தையோ அடைத்துக்கொண்டு ஓடுகிறோம். ஞாயிறன்றுதான் பல வீடுகளில் அடுப்பு நிதானமாக எரிகிறது.

ராமேசுவரத்தில் இந்த ஞாயிறு சமையல் சனிக்கிழமையே தொடங்கிவிடும், அதுவும் கடலில்! அங்கே விசைப்படகுகள் தினமும் கடலுக்குப் போவதில்லை. திங்கள், புதன், சனி என்று வாரத்தில் மூன்று நாள்கள்தான் போகும். மற்ற நாள்கள் நாட்டுப்படகுகளுக்கு.  சனிக்கிழமை போன படகுகள் ஞாயிறு காலையில் கரை திரும்பும். துறைமுகத்தில் ஏலம் கூவுகிற சத்தம் அடங்குவதற்குள், பாறையும் விளைமீனும் நண்டும் கணவாயும் வீடுகளுக்கு வந்துவிடும்.

எல்லா ஞாயிறும் அப்படி விடிவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையிலேயே நிற்கும். பலத்த காற்று என்றாலும் போக முடியாது. எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை சில படகுகளைப் பிடித்துக்கொண்டு போய்விட்டால், அந்த வீடுகளில் ஞாயிறு என்ன, எந்த நாளும் சோறு இறங்காது. நம் தட்டில் விழுகிற ஒரு துண்டு மீனுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

சரி, மீன் வந்துவிட்டது. இனி அவசரப்பட்டால் ஆகுமா? கல்லில் உரசி ஆய்ந்து, மூன்று நான்கு தண்ணீரில் அலச வேண்டும். சின்ன வெங்காயம் உரிக்க வேண்டும் (கண்ணீரோடுதான்!). புளி ஊற வேண்டும். மிளகாய் என்றால் அங்கே குண்டு மிளகாய். உருண்டையாக, கருஞ்சிவப்பாக இருக்கும். ராமநாதபுரத்துக் கரிசல் காட்டில் விளைகிற இந்த மிளகாய்க்கு 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது.

மண்சட்டியில் வைக்கிறார்களே, ஏன் தெரியுமா? மண்சட்டி மெதுவாகத்தான் சூடேறும். ஆனால் ஏறிய சூட்டைச் சீக்கிரம் விடாது. அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் குழம்பு சிறிது நேரம் தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்கும். புளி அதை ஒன்றும் செய்யாது. அலுமினியப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால், புளியின் அமிலம் உலோகத்தை அரிக்கும். புளியின் பச்சை வாசனை போய், எண்ணெய் மேலே மிதந்து வரும்வரை குழம்பு கொதிக்க வேண்டும். மீனை அதற்குப் பிறகுதான் போடுவார்கள். மீன் சில நிமிடங்களில் வெந்துவிடும். அப்போது கரண்டியைப் போட்டுக் கிண்டினால் எல்லாம் உடைந்து கூழாகிவிடும். துணியால் சட்டியின் விளிம்பைப் பிடித்து மெல்ல ஒரு சுழற்றுச் சுழற்றுவார்கள். அந்தச் சுழற்றில்தான் கைப்பக்குவம் இருக்கிறது.

இதைவிடப் பொறுமை வேண்டுமா? ராமேசுவரத்திலிருந்து கடற்கரை ஓரமாகவே மேற்கே வந்தால் கீழக்கரை. ஒரு காலத்தில் முத்துக்கும் சங்குக்கும் பேர்போன பழைய துறைமுகம். அங்கே குழம்பை 'ஆணம்' என்பார்கள். அந்த ஊரின் இனிப்புதான் தொதல். தேங்காய்ப் பால், கருப்பட்டி, அரிசி மாவு மூன்றையும் வாயகன்ற பாத்திரத்தில் ஊற்றிக் கிளற ஆரம்பித்தால் மணிக்கணக்கில் கிளற வேண்டும். கையை எடுத்தால் அடி பிடித்துவிடும். தண்ணீரெல்லாம் வற்றி, தேங்காய்ப் பாலிலிருந்தே எண்ணெய் பிரிந்து வரும்போது, பளபளவென்று கறுத்துத் திரண்டு நிற்கும். ஒருவர் கை வலித்தால் இன்னொருவர் அகப்பையை வாங்கிக்கொள்வார். இதே பண்டம் இலங்கையிலும் மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் உண்டு. அங்கெல்லாம் 'டோடோல்' என்பார்கள். கப்பலேறிப் போய்வந்தவர்களோடு ருசியும் கப்பலேறியிருக்கிறது!

இதெல்லாம் படிக்க நன்றாக இருக்கிறது, நாக்கில் நீர்கூட ஊறுகிறது. ஆனால் நிதானமாக எரிகிற அந்த அடுப்பின் முன் நிற்பது யார்? நமக்கு ஞாயிறு விடுமுறை. அம்மாவுக்கு? மற்ற நாள்களைவிட அன்றுதான் அவருக்கு வேலை அதிகம்.

ராமேசுவரத்தில் 1931இல் பிறந்த நம் அப்துல் கலாம் தன் தாயார் ஆஷியம்மாவைப் பற்றி எழுதியிருக்கிறார். சிறுவயதில் அவர் பெரும்பாலும் சமையலறைத் தரையில் அம்மாவோடு உட்கார்ந்துதான் சாப்பிடுவாராம். வாழையிலையில் சோறும் சாம்பாரும், வீட்டிலேயே போட்ட ஊறுகாயும், தேங்காய்ச் சட்னியும். அந்த வீட்டில் தினமும் சாப்பிட்ட வெளியாட்களின் எண்ணிக்கை, குடும்பத்தாரின் எண்ணிக்கையைவிட அதிகமாக இருந்ததாம்.

இரண்டாம் உலகப் போர்க் காலம். எல்லாவற்றுக்கும் ரேஷன். ஒரு நாள் அம்மா சப்பாத்தி சுட்டார். சிறுவன் கலாம் பசியோடு சாப்பிடச் சாப்பிட, அம்மா வைத்துக்கொண்டே இருந்தார். அன்றிரவு அண்ணன் அவரைத் தனியே அழைத்துக் கண்டித்தார். ஆளுக்கு இரண்டு மூன்று சப்பாத்திக்குத்தான் மாவு இருந்தது, நீ கேட்கக் கேட்க அம்மா தன் பங்கையும் உனக்கே வைத்துவிட்டார், இன்று அவருக்குப் பட்டினி என்று விளக்கினார். கலாமுக்கு அழுகை வந்துவிட்டது. அம்மாவிடம் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார். ஜனாதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற பிறகும் அதை அவர் மறக்கவில்லை, புத்தகத்தில் எழுதினார்.

உங்கள் வீட்டில் இந்த ஞாயிறன்று அம்மாவோ பாட்டியோ எத்தனை மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தார்? சட்டியில் அப்போது எத்தனை துண்டு மீன் மிச்சம் இருந்தது? யோசித்துப் பாருங்கள். எனக்குச் சின்ன வயதில் இதைக் கேட்கத் தோன்றியதே இல்லை. நடுத்துண்டு எனக்குத்தான் என்று சண்டை போட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அடுத்த ஞாயிறு டி.வி.யை அணைத்துவிட்டு அடுப்படிக்குப் போங்கள். சின்னவர்கள் வெங்காயம், பூண்டு உரிக்கலாம், புளி கரைக்கலாம், கறிவேப்பிலை உருவலாம். அடுப்புப் பக்கம் மட்டும் போக வேண்டாம். பெரிய வகுப்புப் பிள்ளைகள் அம்மா பக்கத்தில் இருக்கும்போது தாளித்துப் பழகலாம். தம்பிகளே, இது தங்கைகளுக்கு மட்டும் சொன்னதல்ல! மாலை வரை ஆனாலும் பரவாயில்லை. பரிமாறும்போது எல்லாத் தட்டையும் ஒன்றாக வையுங்கள், அம்மாவின் தட்டையும் சேர்த்து.

இன்னொன்று. குழம்பை ஒரே வேளையில் வழித்துத் துடைத்துவிடாதீர்கள். இரவு படுக்கும் முன் மறுபடி ஒரு கொதி விட்டு, சட்டியை மூடி வைக்கச் சொல்லுங்கள். ராத்திரி முழுக்கப் புளிப்பும் காரமும் மீனுக்குள் இறங்கிவிடும். திங்கள் காலை, பள்ளிக்குக் கிளம்பும் முன், பழைய சோற்றைப் பிழிந்து வைத்து, அதில் அந்தக் குழம்பை ஊற்றி ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கள். எப்படி இருந்தது என்று எங்களுக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்