தெருப் பூனை வீட்டுக்குள் வந்தால்... பயிற்சி யாருக்குத் தேவை?

மழைக்கு ஒதுங்கிய பூனை. மூன்று நாள் மாடிப்படிக்குக் கீழே சாப்பாடு. நான்காவது நாள் அதுவாகவே ஹாலுக்குள் வந்து சோபாவில் சுருண்டு படுத்துக்கொள்கிறது. போட்டோ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏறுகிறது. பெயரும் வைத்தாயிற்று. ஐந்தாவது நாள் காலையில் மெத்தையில் ஈரம், வீடு முழுக்க நாற்றம். வீட்டில் யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார்: "பேசாம இதை எங்கயாச்சும் கொண்டுபோய் விட்டுட்டு வந்துடு."

பல தெருப் பூனைகளின் வீட்டு வாழ்க்கை இந்த ஒரு வாக்கியத்தோடு முடிந்துபோகிறது. "குட்டியா இருந்தா பழக்கலாம், வளர்ந்த பூனை இனிமே எங்க கத்துக்கப் போகுது?" என்பதுதான் அதற்குச் சொல்லப்படும் நியாயம். கேட்கச் சரியாகத்தான் தோன்றும். ஆனால், தவறு. குழி தோண்டி, கழித்து, மூடுவது வளர்ந்த பூனைக்கு நன்றாகவே தெரியும். இந்த வீட்டில் மண் எங்கே இருக்கிறது என்பதுதான் அதற்குத் தெரியாது. அதைக் காட்ட வேண்டியது, உள்ளே அழைத்து வந்தவரின் வேலை.

பூனைக்கு என்ன தெரியும்?

வீடு கட்டும் இடத்தில் கொட்டி வைத்த மணல் குவியலைப் பார்த்தால் போதும். தெருவில் உள்ள பூனைகள் எல்லாம் அங்கேதான் போகும். யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. வீட்டுப் பூனையின் மூதாதை மேற்கு ஆசியா, வட ஆப்பிரிக்காவின் வறண்ட நிலங்களில் வாழ்ந்த காட்டுப் பூனை இனம். மென்மையான, தோண்ட வசதியான மண்ணைத் தேடுவது அதன் இயல்பு.

டைல்ஸ் போட்ட ஃபிளாட்டில் அப்படி ஓர் இடமே கிடையாது. இருப்பதில் மெத்தென்று இருப்பவை மெத்தை, மிதியடி, துவைக்கக் குவித்த துணி ஆகிய மூன்றும்தான். பூனை அதைத் தேர்ந்தெடுத்தால் அது பழிவாங்கலும் இல்லை, திமிரும் இல்லை. வேறு வழி இல்லை, அவ்வளவுதான்.

லிட்டர் பாக்ஸ் என்பதே மனிதர்கள் தங்கள் வசதிக்காகக் கொண்டுவந்த ஏற்பாடு. அதற்கு வயதும் அதிகமில்லை. 1947-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட்வர்ட் லோ என்பவரிடம், பக்கத்து வீட்டுப் பெண் தன் பூனைக்காக மணல் கேட்டார். லோ கொடுத்தது, தொழிற்சாலைகளில் சிந்திய எண்ணெயை உறிஞ்சப் பயன்படுத்தும் களிமண். நம் ஊரில் முகத்துக்குப் பூசும் முல்தானி மிட்டியும் அந்த வகை மண்தான். ஈரத்தையும் நாற்றத்தையும் அது இழுத்துக்கொண்டதால், அதையே பாக்கெட் போட்டு விற்க ஆரம்பித்தார். மனிதனோடு பல ஆயிரம் ஆண்டுகள் வாழ்ந்த விலங்குக்கு, 80 வருடம்கூட ஆகாத ஒரு பிளாஸ்டிக் பெட்டி முதல் நாளே புரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

சரி, எப்படிப் பழக்குவது?

முதல் வேலை, முழு வீட்டையும் ஒரே நாளில் திறந்துவிடாமல் இருப்பது. முதல் ஒன்றிரண்டு வாரங்களுக்கு ஓர் அறை போதும். ஒரு மூலையில் சாப்பாடும் தண்ணீரும், எதிர் மூலையில் பெட்டி, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி. சாப்பிடும் இடத்துக்குப் பக்கத்தில் பூனை கழிக்க விரும்பாது. அதனால் இடைவெளி முக்கியம். மெத்தை, மிதியடி, அழுக்குத் துணி எதுவும் அந்த அறையில் இருக்கக் கூடாது.

பெட்டி பெரிதாக இருக்க வேண்டும். மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை பூனையின் நீளம் எவ்வளவோ, அதைப்போல ஒன்றரை மடங்கு. கடையில் கிடைக்கும் அழகான பெட்டிகள் பல இதைவிடச் சின்னவை. பாத்திரக் கடையில் வாங்கும் அகலமான பிளாஸ்டிக் டப் ஒன்றின் ஒரு பக்கத்தைத் தாழ்வாக வெட்டிவிட்டால் வேலை முடிந்தது. வெட்டிய ஓரம் குத்தாதபடி தேய்த்துவிட வேண்டும். மூடி போட்ட பெட்டி ஆரம்பத்தில் வேண்டாம். தப்பிக்க வழி தெரியாத இடத்துக்குள் தெருப் பூனை எளிதில் நுழையாது.

அடுத்தது மண். முதல் சில நாட்கள், அதற்குப் பழகிய மணலையே சலித்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, இரண்டு மூன்று அங்குல ஆழத்துக்கு நிரப்பலாம். பிறகு நான்கில் ஒரு பங்கு மணலை எடுத்துவிட்டு, கடையில் விற்கும் லிட்டரைச் சேர்க்கலாம். சில நாள் கழித்துப் பாதிக்குப் பாதி. இப்படியே முழுவதும் மாற்றலாம். பெரும்பாலான பூனைகளுக்குப் பிடிப்பது வாசனை சேர்க்காத, பொடி மண் போன்ற லிட்டர். லாவெண்டர் மணம் மனிதனுடைய மூக்குக்கு மட்டும்தான் சுகம்.

வேறு இடத்தில் போய்விட்டால், மலத்தைக் காகிதத்தில் எடுத்துப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். 'இதுதான் இடம்' என்பதைப் பூனைக்குச் சொல்லும் மொழி வாசனைதான். திரும்பத் திரும்ப ஒரே மூலைக்குப் போனால், பெட்டியையே அந்த மூலைக்குக் கொண்டுபோகலாம். பழகிய பிறகு, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி வேண்டிய இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். ஓடும் வாஷிங் மெஷின் பக்கத்தில் மட்டும் வைக்கக் கூடாது.

செய்யவே கூடாதவை

மூக்கை ஈரத்தில் தேய்ப்பது, அடிப்பது, கத்துவது. இதனால் பூனை கற்றுக்கொள்வது ஒன்றுதான்: இந்த ஆள் இருக்கும்போது போகக் கூடாது. அடுத்த முறை கட்டிலுக்கு அடியில் ஒளிந்து போகும். பயந்த பூனையைத் தூக்கிக்கொண்டு பெட்டிக்கு ஓடுவதும் ஆபத்து. கடித்தாலோ கீறினாலோ, காயத்தை 15 நிமிடம் சோப்பும் ஓடும் தண்ணீரும் விட்டுக் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரேபிஸ் நாயோடு முடிகிற விஷயம் அல்ல.

இன்னொன்று, ஃபினைல். நாற்றம் என்றதும் கை தானாக அந்த பாட்டிலுக்குத்தான் போகும். ஆனால், ஃபீனால் வகை வேதிப்பொருட்களை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. துடைத்த தரையில் நடந்து, பாதத்தை நக்கினாலே உடம்புக்குள் போய்விடும். செல்லப்பிராணிகளின் சிறுநீருக்கென்றே விற்கப்படும் என்சைம் கிளீனர் நல்லது. வாசனை முழுவதும் போகாவிட்டால் பூனை அதே இடத்துக்குத் திரும்பி வரும்.

பயிற்சியால் தீராத பிரச்சினை

சில நேரம் கோளாறு பழக்கத்தில் இருக்காது, உடம்பில் இருக்கும். நின்றபடியே வாலை உயர்த்தி, சுவரில் பீய்ச்சி அடித்தால், அது எல்லையைக் குறிப்பது. கருத்தடை செய்தால் பெரும்பாலான ஆண் பூனைகளிடம் இது நின்றுவிடும் அல்லது குறைந்துவிடும். எந்தப் பெட்டி வாங்கினாலும் இதற்கு உதவாது. ஆண் பூனை அடிக்கடி பெட்டிக்குப் போய் முக்கி, சிறுநீர் வராமல் கத்தினால், அது அவசர நிலை. குழாய் அடைத்திருக்கலாம். ஓரிரு நாளில் உயிர் போய்விடும். 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று விடவே கூடாது.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால், 'பூனை கூடவே கூடாது' என்ற பேச்சு வரும். எலி வேட்டையாடிய பூனையின் மலத்தில் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இருக்க வாய்ப்பு உண்டு என்பது உண்மை. ஆனால், வெளியேறிய பிறகு அது தொற்றும் நிலைக்கு வர குறைந்தது ஒரு நாளாவது ஆகும். பெட்டியை வேறொருவர் தினமும் சுத்தம் செய்தால் ஆபத்து வெகுவாகக் குறையும். ஆக, இது பூனையைத் துரத்தக் காரணம் இல்லை. கணவர் ஸ்கூப்பைக் கையில் எடுக்கத்தான் காரணம்.

அப்படியென்றால் எல்லாப் பூனையையும் உள்ளே கொண்டுவர வேண்டுமா?

இல்லை. மனிதரைக் கண்டாலே சுவரேறி ஓடும், பிறந்ததிலிருந்து யார் கையும் படாத பூனைக்கு மூடிய ஃபிளாட் சிறைதான். அதற்குக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, அது வாழும் தெருவிலேயே விட்டுச் சாப்பாடு வைப்பதுதான் நல்லது. நான்கு வாரப் பொறுமை இல்லாதவர்களும் அதையே செய்யலாம். அதுவும் அன்புதான், அதில் குறைவு ஒன்றும் இல்லை.

குறை எங்கே என்றால், உள்ளே அழைத்து, சோபாவைக் காட்டி, பெயர் வைத்து, இரண்டாவது வாரம் சாக்குப் பையில் போட்டு நாலு கிலோமீட்டர் தள்ளி விட்டுவிட்டு வருவதில். அந்தப் பூனைக்குப் புது இடத்தில் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று தெரியாது. அங்கே ஏற்கெனவே இருக்கும் பூனைகள் விரட்டும். பசியாலும் தாகத்தாலும் தவிக்கும் நிலையில் ஒரு விலங்கைக் காரணமின்றிக் கைவிடுவது, 1960-ம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றமும்கூட.

ஒரு டப், கொஞ்சம் மணல், தினமும் ஐந்து நிமிடம். வளர்ந்த பூனை கேட்பது இவ்வளவுதான். தெருவில் இத்தனை வருடம் பிழைக்கத் தெரிந்த ஒரு ஜீவன், ஒரு பெட்டியைப் புரிந்துகொள்ள முடியாத மக்கு இல்லை. நாலு வாரம் பொறுத்துப் பார்க்கும் பக்குவம் வீட்டில் இருக்கிறதா என்பதைத்தான், அதற்குப் பெயர் வைக்கும் முன்பே யோசிக்க வேண்டும்.