பாம்பு ரெண்டு துண்டானதுக்கா கை தட்டினீங்க?

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் ஜாஸ்தி. அதான் இந்தப் பக்கம் தலைகாட்டி ரொம்ப நாளாச்சு. இப்பவும் எழுதுற உத்தேசம் எதுவும் இல்லை. ஆனா போன வாரம் நண்பர் ஒருத்தர் 'போக்கிமான் அட்வென்ச்சர்ஸ்' மாங்காவைப் பாராட்டி ஒரு பதிவு போட்டிருந்தார். அதைப் படிச்சதுல இருந்து கை அரிக்குது.

அவர் சொன்னது சுருக்கமா இதுதான். டிவி தொடர் சின்னப் பசங்களுக்கு, இந்த மாங்கா பெரியவங்களுக்கு. ஆதாரம்? லாவெண்டர் டவுன் கோபுரத்துல சார்மிலியன் ஒரே வீச்சுல அர்போக் பாம்பை ரெண்டு துண்டாக்குற காட்சி. அந்தப் படத்தையும் ஒட்டி, "இப்ப புரியுதா இது எவ்வளவு டார்க்குன்னு?"ன்னு முடிச்சிருந்தார். கீழே பதினஞ்சு பேர் ஆமா சாமி போட்டிருந்தாங்க.

மக்களே, எனக்கும் இந்த மாங்கா பிடிக்கும். உங்களுக்குப் பிடிச்ச காரணம்தான் எனக்குப் பிடிக்கலை. பாம்பை வெட்டுறது ஒரு பெரிய விஷயமா? ஒரு நல்ல பேனாவும் ஒரு பாட்டில் இங்க்கும் இருந்தா யாரும் வெட்டலாம். வெட்டினதுக்கு அப்புறம் கதை என்ன பண்ணுதுங்கிறதுதான் விஷயம்.

தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். போக்கிமான் ரெட், க்ரீன் விளையாட்டுகள் ஜப்பான்ல 1996-ல் கேம்பாய்ல வந்தது. அடுத்த வருஷமே, 1997-ல், ஷோகாகுகன் நிறுவனத்தோட பள்ளிச் சிறுவர் இதழ்கள்ல இந்த மாங்கா ஆரம்பிச்சது. ஜப்பான்ல இதுக்குப் பேரு 'பாக்கெட் மான்ஸ்டர்ஸ் ஸ்பெஷல்'. கதை ஹிதெனோரி குசாகா. முதல் 9 தொகுதிகளுக்குப் படம் மாடோ, 10-வதுல இருந்து சதோஷி யமமோடோ. ஹீரோக்களுக்குப் பேரு கேம் அட்டையில இருக்கிற பேருதான்: ரெட், ப்ளூ, க்ரீன், யெல்லோ, கோல்ட், சில்வர், ரூபி, சஃபையர்... புது கேம் வந்தா புது ஹீரோ. ஜப்பான் பதிப்புல க்ரீன்ங்கிற பையன் இங்கிலீஷ் பதிப்புல ப்ளூ ஆயிடுவான். நான் இங்கிலீஷ் பதிப்புப் பேரையே வச்சுக்கறேன், குழப்பிக்காதீங்க.

கவனிங்க, இது நாலாம் வகுப்பு, அஞ்சாம் வகுப்பு, ஆறாம் வகுப்புன்னு வகுப்புக்கு ஒண்ணா வந்த இதழ்கள்ல ஆரம்பிச்ச கதை. அதாவது இது எழுதப்பட்டதே பத்து வயசுப் பசங்களுக்கு. "பெரியவங்களுக்கானது"ன்னு சொன்னா, எழுதினவருக்கு நாம பண்ற மரியாதை இல்லை அது. பத்து வயசுப் பையனுக்கு நேர்மையா ஒரு கதை சொல்ல முடியும்னு நம்பி உக்காந்தவர் அவர். அந்தப் பெருமையை அவர்கிட்ட இருந்து பிடுங்கி நம்ம பேர்ல எழுதிக்கிறோம், அவ்ளோதான்.

சரி, மேட்டருக்கு வரேன்.

கேம்ல ஒரு அடிப்படை வசதி இருக்கு. எதுவும் வலிக்காது. உங்க போக்கிமான் தோத்தா மயங்கி விழும். போக்கிமான் சென்டருக்குத் தூக்கிட்டுப் போனா காசு வாங்காம சரி பண்ணிக் குடுப்பாங்க. எல்லாமே மயங்கிட்டா கையில இருக்கிற பணத்துல பாதி போகும், நீங்களும் சென்டர் வாசல்ல போய் நிப்பீங்க. அதுவும் பிடிக்கலையா, சேவ் பண்ண இடத்துல இருந்து திரும்ப ஆரம்பிக்கலாம். பயிற்சியாளர் மேல ஒரு தூசி கூட விழாது. விளையாட்டுக்கு இதெல்லாம் வேணும், இல்லேன்னா எவன் விளையாடுவான்?

ஆனா கதைக்கு இது விஷம். தோத்தா ஒண்ணும் போகாதுன்னா ஜெயிச்சா என்ன கிடைச்சுது? குசாகா முதல்ல கை வச்சது இங்கதான். இந்த மாங்காவுல எதிரி போக்கிமானைத் தாண்டி ஆளையே அடிப்பான். கேம்ல ஜியோவான்னி ஒருத்தர்தான் ஜிம் லீடராவும் ராக்கெட் கும்பல் தலைவனாவும் இருப்பார். மாங்காவுல கோகா, சப்ரீனா, லெப்டினன்ட் சர்ஜ் மூணு பேருமே அந்தக் கும்பல்ல பெரிய புள்ளிகள். கேம் விட்டுவச்ச காலி இடத்துல இவர் வீடு கட்டறார்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச வீடு ஒண்ணைச் சொல்றேன்.

1999-ல் வந்த கோல்ட், சில்வர் கேம் ஆடினவங்களுக்குத் தெரியும். அதுல வீரிடியன் ஜிம்முக்கு லீடர் யாரு? பழைய போட்டியாளன் ப்ளூ. பழைய ஹீரோ ரெட் எங்கே? சில்வர் மலை உச்சியில தனியா நிக்கறான். சாம்பியன் ஆனவன் ஏன் மலையில நிக்கறான், தோத்தவன் ஏன் ஜிம்முல உக்காந்திருக்கான்? கேம் வாயே திறக்காது. போய்ச் சண்டை போடு, அவ்ளோதான்.

மாங்கா திறக்குது. அதுக்கு முந்தைய யெல்லோ பாகத்துல எலைட் ஃபோர்னு கேம்ல கௌரவமா நிக்கிற நாலு பேரும் வில்லனுங்க. அதுல லோரலையோட பனித் தாக்குதல்ல ரெட் மாட்டிக்கறான். மீண்டு வந்துடறான். ஆனா மணிக்கட்டும் கணுக்காலும் பழைய மாதிரி ஆகலை, மரத்துப் போகுது. பாகம் முடிஞ்சு அடுத்த பாகம் ஆரம்பிச்ச அப்புறமும் அந்த வலி போகலை. வீரிடியன் ஜிம் லீடர் வேலை அவனுக்குத்தான் வந்திருக்கணும். இந்தக் கையை வச்சுக்கிட்டு முடியாதுன்னு விட்டுக் குடுக்கறான், அது ப்ளூவுக்குப் போகுது. ரெட் சில்வர் மலைக்குப் போறது அங்க இருக்கிற வெந்நீர் ஊற்றுல குணமாக.

பாருங்க, கேம்ல இருந்த ரெண்டு தகவலையும் இவர் மாத்தவே இல்லை. ப்ளூ ஜிம்முல இருக்கணும், இருக்கான். ரெட் மலையில இருக்கணும், இருக்கான். நடுவுல ஒரு காயம் வச்சார், அவ்ளோதான். கேம்ல வெறும் ஒரு பொம்மையா நின்னவன் இப்ப ஒரு ஆளா நிக்கறான். அர்போக் துண்டானப்ப கை தட்டினவங்க இந்தக் கணுக்காலைக் கவனிச்சீங்களா? இதுல ஒரு சொட்டு ரத்தம் இல்லை. அதனாலதான் யாரும் இதைப் படம் பிடிச்சு ஒட்டறது இல்லை.

ரூபி, சஃபையர் பாகமும் இதே மாதிரிதான் கிளம்புது. சின்ன வயசுல சஃபையரைக் காப்பாத்தப் போய் ஒரு சலமன்ஸ் கிட்ட அடி வாங்கி ரூபிக்கு நெத்தியில தழும்பு. அதை மறைக்கத்தான் எப்பவும் தொப்பி. நம்ம சண்டையைப் பார்த்துதான் அவ பயந்துட்டான்னு நெனச்சு இவன் சண்டையே வேணாம், அழகுப் போட்டிதான்னு போயிடறான். நாம பலவீனமா இருந்ததாலதான் அவனுக்கு அடிபட்டுதுன்னு நெனச்சு அவ முரட்டுப் பொண்ணா வளர்றா. கேம்ல காண்டெஸ்ட், ஜிம்னு ரெண்டு பிரிவு இருக்கு இல்லையா? ஒரே தழும்புல இருந்து அந்த ரெண்டையும் பிரிச்சு எடுத்திருக்கார் மனுஷன். அது மட்டுமா? அந்த ஒரு நாள் சண்டையோட பழியை ரூபியோட அப்பா நார்மன் தன் தலையில ஏத்துக்கிட்டு அஞ்சு வருஷம் ரெய்க்வாசாவைத் தேடி அலையறார். எனக்குத் தெரிஞ்சு கேம்ல இருந்து வந்த கதைகள்ல இவ்வளவு நல்லா கட்டின அஸ்திவாரம் வேற இல்லை.

அப்புறம் குசாகாவே அதை இடிக்கறார்.

கடைசிச் சண்டையில நார்மன் செத்துப் போறார். ஸ்டீவனும் செத்துப் போறார். நிஜமாவே சாவு, மயக்கம் இல்லை. கொஞ்ச பக்கம் தள்ளி ரூபிகிட்ட ஒரு செலிபி இருக்கிறது நமக்குத் தெரிய வருது. காலத்துல பயணம் பண்ற போக்கிமான். அதை வச்சு ரெண்டு பேரும் திரும்ப வந்துடறாங்க. சுபம்.

இந்தத் தொகுதிகளை என் அக்கா பையனுக்குக் குடுத்தேன். அஞ்சாவது படிக்கறான். போன வருஷம் எங்க அப்பா போனதுல இருந்து அவன் இந்த மாதிரி இடங்களை ரொம்ப மெதுவா படிக்கறான். நார்மன் சாகற பக்கத்துல ஒரு பஸ் டிக்கெட்டைச் சொருகி வச்சுட்டு ரெண்டு நாள் புத்தகத்தைத் தொடலை. மூணாவது நாள் முடிச்சுட்டு வந்து என்கிட்ட கேட்டான்.

"மாமா, சேவ்ல இருந்து லோட் பண்ணிட்டாங்களா?"

நான் முழிச்சேன். "அப்படிதான்டா"ன்னேன்.

"அப்ப மொதல்ல எதுக்கு சாகடிச்சாங்க?"

பதில் சொல்ல வாய் வரலை. இந்தப் பதிவே அந்தப் பதில்தான்னு வச்சுக்குங்க.

நார்மனை ஏன் திரும்பக் கொண்டு வரணும்னு பொட்டி தட்டற நமக்குப் புரியும். பையன் கையில இருக்கிற கேம்ல நார்மன் பெடல்பர்க் ஜிம்முல உயிரோட நிக்கறார். ஸ்டீவன்தான் அதுல சாம்பியன். ரெண்டு பேரையும் புதைச்சுட்டா புத்தகமும் கேமும் ஒத்துப் போகாது. ப்ரொடக்ஷன்ல தப்பு பண்ணிட்டு ராத்திரியோட ராத்திரியா ரோல்பேக் அடிக்கிற மாதிரி இது. ஆனா ரோல்பேக் பண்ணித்தான் ஆகணும்னு முன்னாடியே தெரிஞ்சா, அதை எதுக்கு ரிலீஸ் பண்ணணும்? கொல்ல முடியாதுன்னா கொல்லாதே. ரெட் விஷயத்துல இதே மனுஷன்தானே வழி காட்டினார்? ரெட்டும் சாக முடியாத ஆளுதான். அவனுக்குக் காயம் வச்சார், காயம் கூடவே வந்துது, கதை வளர்ந்துது. நார்மனுக்கும் ஒரு காயம் வச்சிருக்கலாம். அஞ்சு வருஷம் அலைஞ்ச மனுஷன் மகனோட ஒரே வீட்டுல உக்காந்து சோறு தின்ன முடியாம தவிக்கிறதே ஒரு காயம்தானே.

"செலிபி காலத்துல போகும்ங்கிறது கேமோட விதிதானே, விதியை மீறலையே?"ன்னு ஒருத்தர் கேட்பார். மீறலை, ஒத்துக்கறேன். ஆனா விதிக்குள்ள இருக்குங்கிறதுக்காக எல்லாமே நியாயம் ஆயிடாது. கேம்ல இருந்து எதை எடுத்துக்கணும், எதை வாசல்லயே விட்டுட்டு வரணும்னு தேர்ந்தெடுக்கிறதுதான் இந்த மாதிரி கதை எழுதறவனோட வேலையே. வலிக்காதுங்கிற விதியை முதல் தொகுதியிலயே வாசல்ல விட்டவர், சேவ்-லோட் விதியைப் பின்கட்டு வழியா உள்ள கூட்டிட்டு வந்துட்டார்.

"திரும்ப வந்தாலே தப்பா?"ன்னு இன்னொருத்தர் கேட்கலாம். இல்லை. இதே மாங்காவுல ஃபயர்ரெட், லீஃப்க்ரீன் பாகம் முடியறப்ப ரெட், ப்ளூ, க்ரீன், யெல்லோ, சில்வர் அஞ்சு பேரும் கல்லாயிடறாங்க. அப்படியே தொங்கல்ல விட்டுட்டார். அவங்களை மீட்க எமரால்ட் பாகம் முழுக்க வேண்டியிருந்துது. பேட்டில் ஃப்ரண்டியர்ல ஒவ்வொரு இடமா மோதி, ஜிராச்சிகிட்ட வரம் கேட்டு, அப்புறம்தான் வராங்க. அங்க யாரோ உழைச்சாங்க, யாரோ காத்திருந்தாங்க. அதனால எனக்குக் கோபமே வரலை. அக்கா பையனும் அங்க ஒரு கேள்வியும் கேட்கலை, எழுந்து நின்னு குதிச்சான். ஓசியில வந்தா பிள்ளைகளுக்குத் தெரியும் சார். நமக்குத்தான் தெரியறது இல்லை.

இதனாலதான் எனக்கு அந்த "டார்க்" பாராட்டு மேல இவ்வளவு எரிச்சல். டார்க்கா இருந்தா போதும்னு நாம கை தட்டினா, நார்மன் சாவும் நல்ல காட்சிதான், ஏன்னா அது டார்க். அர்போக்கும் நல்ல காட்சி. ரெண்டும் பார்க்க பயங்கரமா இருக்கு. ஆனா ரெட் கணுக்காலுக்கு முன்னாடி ரெண்டும் ஒண்ணும் இல்லை. ஏன்னா அது அடுத்த பக்கத்துலயும் வலிச்சுது, அடுத்த பாகத்துலயும் வலிச்சுது.

பசங்க கதைதானே, இதுக்கு இவ்வளவு ஆராய்ச்சியான்னு கேட்டா, ஆமா, பசங்க கதைங்கிறதாலதான். நமக்கு ஒரு கதை பொய் சொன்னா இன்னொரு கதை இருக்கு. போனவங்க திரும்ப வரமாட்டாங்கன்னு போன வருஷம்தான் கத்துக்கிட்ட ஒருத்தன்கிட்ட, வருவாங்கன்னு சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லக்கூடாது.

பஸ் டிக்கெட் இன்னும் அந்தப் பக்கத்துலயேதான் இருக்கு. எடுக்கலை.

டிஸ்கி 1: இவ்வளவு திட்டினாலும் மிச்சத் தொகுதிகளும் வாங்கிட்டேன். பையன் கேட்கறான்னு வீட்டுல சொல்லியிருக்கேன், யாரும் போட்டுக் குடுத்துடாதீங்க :)

டிஸ்கி 2: அந்தப் பாம்பு பதிவு போட்ட நண்பருக்கு: உள்குத்து எதுவும் இல்லை பாஸ், இது நேர்குத்துதான். அடுத்த தடவை சந்திக்கிறப்ப டீ என் கணக்கு.