போக மறுத்த இருவர்

'தி சஃபயர்ஸ்' என்ற ஆஸ்திரேலியப் படத்தைப் பற்றி யாரும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. 2012-ல் கான் திரைப்பட விழாவில் காட்டினார்கள். மறு வருஷம் ஆஸ்திரேலியத் திரைப்பட அகாடமி அதையே சிறந்த படமென்று கொண்டாடிற்று. பார்த்தவர்கள் எல்லோரும் "மனசுக்கு நிறைவான படம்" என்கிறார்கள். அந்த நிறைவோடுதான் எனக்குச் சண்டை.

கதை 1968-ல் நடக்கிறது. மூன்று சகோதரிகள், ஓர் ஒன்றுவிட்ட சகோதரி. நால்வரும் ஆஸ்திரேலியாவின் ஆதிக்குடிப் பெண்கள். வெள்ளைக்காரர்கள் நடத்தும் பாட்டுப் போட்டியில் எல்லோரையும்விட நன்றாகப் பாடியும், தோலின் நிறத்தால் தோற்கிறார்கள். குடிகார ஐரிஷ்காரன் ஒருவன் அவர்களைக் கண்டெடுக்கிறான். அமெரிக்கக் கறுப்பர்களின் 'சோல்' பாட்டைச் சொல்லித் தருகிறான். வியத்நாமுக்கு அழைத்துப் போகிறான். அமெரிக்கச் சிப்பாய்களின் முன்னே பாடுகிறார்கள், குண்டு வெடிக்கிறது, காதல் மலர்கிறது, வீடு திரும்புகிறார்கள். சுபம்.

படத்தில் நல்லது இல்லை என்று நான் சொல்லவில்லை. மூத்தவளாக வரும் டெபோரா மெயில்மன் வாயைத் திறக்காமலே பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறார். நிறம் வெளுத்திருந்த குற்றத்துக்காகக் குழந்தைப் பருவத்திலேயே வீட்டிலிருந்து பறித்துச் செல்லப்பட்ட பெண் ஒருத்தி வருகிறாள். அது கதாசிரியரின் கற்பனை அல்ல. ஆயிரக்கணக்கான வீடுகளில் நடந்த கொடுமை. 2008-ல்தான் அந்த நாட்டின் பிரதம மந்திரி பாராளுமன்றத்தில் அதற்கு மன்னிப்புக் கேட்டார்.

ஆனால் படம், உண்மைக் கதை என்று சொல்லிக்கொண்டு வந்திருக்கிறது. அந்த உண்மை என்ன?

படத்துக்கு மூலம் டோனி பிரிக்ஸ் எழுதி 2004-ல் மேடையேறிய நாடகம். அவருடைய தாயார் லாரல் ராபின்சன். அவரும் பெவர்லி பிரிக்ஸ், நவோமி மேயர்ஸ் என்ற இருவருமாக மூவர் சேர்ந்து மெல்போர்னில் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு வாசித்த மாவோரிக் குழு ஒன்று வியத்நாமுக்குக் கூப்பிட்டது. லாரல் போகச் சம்மதித்தார். மற்ற இருவரும் மறுத்துவிட்டார்கள். காரணம்? அவர்கள் அந்த யுத்தத்தை எதிர்த்தவர்கள். எனவே லாரல் தம் சகோதரி லோயிஸ் பீலரை அழைத்துக்கொண்டு போனார். போனது இருவர், போகமாட்டோம் என்றது இருவர்.

திரையில் என்ன ஆயிற்று? நால்வரும் போய்விட்டார்கள்! மறுப்பு என்ற ஒன்று நடந்த சுவடே இல்லை. அதோடு நிற்கவில்லை. படத்தின் முடிவில் நிஜமான நால்வரின் புகைப்படத்தைக் காட்டி, பின்னாளில் அவர்கள் தம் மக்களுக்குச் செய்த தொண்டையும் எழுதிக் காட்டுகிறார்கள். பார்ப்பவன் என்ன நினைப்பான்? இந்த நால்வர்தாம் யுத்தகளத்தில் பாடிவிட்டு வந்தவர்கள் என்றுதானே? போகமாட்டேன் என்று சொன்னவர்களின் முகத்தைக் காட்டியே அவர்கள் போனதாக நம்ப வைப்பதற்கு என்ன பெயர்?

"கதை என்றால் மாற்றத்தான் செய்வார்கள், நீர் மட்டும் மாற்றாதவரா?" என்று என்னைக் கேட்பீர்கள். மாற்றுவதே என் தொழில். இரண்டு பேரை ஒருவராக்குவேன். ஒரு வருஷத்தை ஒரு நாளாக்குவேன். அதில் எனக்குக் கூச்சமில்லை. ஆனால் ஒரு கதையில் செய்த மாறுதல்களையெல்லாம் வரிசையாக வைத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே திசையில் சாய்ந்திருந்தால், அது கலையின் தேவையல்ல, கல்லாப்பெட்டியின் தேவை. இங்கே மாவோரிகள் மறைந்தார்கள்; அந்த இடத்தில் ஒரு வெள்ளைக்காரன் வழிகாட்டியாக வந்தான். யுத்த எதிர்ப்பு மறைந்தது. அந்த இடத்தில் ஒரு காதல் வந்தது. ஒவ்வொரு மாறுதலும் நம்மைச் சௌகரியமாக உட்கார வைப்பதற்காகவே செய்யப்பட்டது.

இதன் பலனை 2013-ல் பார்த்தோம். அமெரிக்காவில் படத்தின் குறுந்தகடு வெளிவந்தபோது, அட்டையில் ஐரிஷ் நடிகர் வண்ணத்தில் முன்னே நின்றார். நான்கு பெண்களும் நீலச் சாயத்தில் பின்னே மங்கிக் கிடந்தார்கள். கண்டனம் எழுந்தது. அந்த நடிகரே அதைக் கண்டித்தார். வெளியிட்டவர்கள் வருத்தம் தெரிவித்தார்கள். அட்டை போட்டவன் மேல் எல்லோருக்கும் கோபம். எனக்கு அவன்மேல் அவ்வளவு கோபமில்லை. கதையிலேயே அந்த மனிதனுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டாயிற்று. அட்டைக்காரன் அதைப் படம் பிடித்தான், அவ்வளவுதான்.

"எழுதியவர் ஆதிக்குடி, இயக்கிய வேய்ன் பிளேர் ஆதிக்குடி. அவர்கள் கதையை அவர்கள் சொல்கிறார்கள், உமக்கென்ன?" என்பார்கள். நியாயமான கேள்வி. ஒரு மகன் தன் தாயின் கதையை ஆசையோடு சொல்வதில் குறை காண நான் யார்? ஆனால் அந்தக் கதையில் தாயின் தோழிகளும் இருந்தார்கள். அவர்களும் ஆதிக்குடிகள்தாம், அவர்கள் 'முடியாது' என்றதும் அந்த மக்களின் சரித்திரம்தான்.

போனவர்களை நான் பழிக்கவில்லை. ஆதிக்குடிகளை ஜனத்தொகைக் கணக்கில் சேர்க்காதே என்றிருந்த அரசியல் சட்டப் பிரிவை 1967-ல்தான் சர்வஜன வாக்கெடுப்பு நடத்தி நீக்கினார்கள். அப்படிப்பட்ட நாட்டில், திறமையை மதித்து ஒருவன் வெளியுலகுக்குக் கூப்பிட்டால் போகத்தான் தோன்றும். ஆனால் அதே நாட்டில், அதே கூப்பாட்டைக் கேட்டு, மேடையும் கைதட்டலும் வேண்டாம் என்று இரண்டு பெண்கள் சொன்னார்களே, அதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! அந்த இருவரில் ஒருவரான நவோமி மேயர்ஸ் பிற்பாடு சிட்னியின் ரெட்பர்ன் பகுதியில் ஆதிக்குடிகளின் மருத்துவ நிலையத்தைப் பல்லாண்டுகள் தலைமையேற்று நடத்தினார்.

ஒன்றாகப் பாடிய மூன்று குரல்கள் ஒரு யுத்தத்தின் வாசலில் பிரிகின்றன. ஒருத்தி போகிறாள், இருவர் நிற்கிறார்கள். மூவரில் ஒருவரும் கெட்டவரல்ல. இதைவிடப் பெரிய நாடகத்தை எந்தக் கதாசிரியன் கற்பனை செய்துவிட முடியும்? கையில் கிடைத்த அதைக் கீழே போட்டுவிட்டுக் குடிகாரனின் காதலைப் பொறுக்கிக்கொண்டார்கள். ஏன் தெரியுமா? போகிறவளின் பாட்டுக்கு நாம் தாளம் போடலாம். மறுப்பவளுக்கு எதிரே உட்கார்ந்தால் 'நீ என்ன செய்திருப்பாய்?' என்று அவள் நம்மைக் கேட்பாள். டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ள நாம் தயாராக இல்லை என்று படாதிபதிகளுக்குத் தெரிந்திருக்கிறது.