முன்பதிவு செய்யப்பட்ட வனம்

யோசெமிட்டி பள்ளத்தாக்கைப் பற்றித் தமிழில் வாசிக்கக் கிடைக்கும் பயணக் கட்டுரைகளில் அருவிகள் உண்டு; எல் கேப்பிட்டன் பாறைமேல் அந்தி வெயில் படரும் காட்சி உண்டு; கரடிக்கு அஞ்சி உணவை இரும்புப் பெட்டியில் பூட்டிவைத்த கதையும் பெரும்பாலும் உண்டு. அங்கே கூடாரமடிக்க ஓரிடம் எவ்வாறு கிடைத்தது என்பதை மட்டும் யாரும் விரித்தெழுதக் காணோம். அருவியைக் காட்டிலும் அதுவே நம் காலத்தைப் பற்றி அதிகம் சொல்லக்கூடியது என்று நமக்குத் தோன்றுகிறது.

பள்ளத்தாக்கில் வண்டியோடு சென்று தங்கத்தக்க முகாம்கள் அப்பர் பைன்ஸ், லோயர் பைன்ஸ், நார்த் பைன்ஸ் என மூன்று. மூன்றும் சேர்ந்து நானூறுக்குச் சற்றுக் குறைவான இடங்கள். மாதந்தோறும் 15ஆம் தேதி, பசிபிக் நேரப்படி காலை 7 மணிக்கு, ஐந்து மாதங்கள் கழித்து வரும் ஒரு மாத காலத்துக்கான இடங்கள் அரசின் முன்பதிவு இணையதளத்தில் திறந்துவிடப்படுகின்றன. கோடைக்கால இரவுகள் என்றால் சில நிமிடங்களில் எல்லாம் தீர்ந்துவிடும். நம்மூர்த் தட்கல் பயணச்சீட்டுக்காகக் கணினிமுன் கண்ணிமைக்காமல் உட்கார்ந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

இடங்கள் முன்பு இவ்வளவு குறைவாக இருந்ததில்லை. 1997 ஜனவரியில் மெர்சட் ஆறு பெருகிவந்து ஆற்றங்கரை முகாம்களை அழித்தது. பள்ளத்தாக்கின் கூடார இடங்களில் ஏறத்தாழப் பாதி போயிற்று. அவை மீண்டும் அமைக்கப்படவில்லை. ஆற்றின் கரையை ஆற்றுக்கே விட்டது சரியான முடிவுதான். ஆனால், 2016இல் அப்பூங்காவுக்கு வந்தோர் எண்ணிக்கை 50 இலட்சத்தைத் தாண்டியது என்பதையும் உடன்வைத்துப் பார்க்கவேண்டும். பற்றாக்குறை உண்மையானது. அதை எப்படிப் பங்கிடுவது என்பதே வினா.

காலை ஏழு மணிப் பந்தயம் பார்வைக்கு நடுநிலையானது. கடிகாரம் எல்லோர்க்கும் ஒன்று, விசைப்பலகை எல்லோர்க்கும் ஒன்று. எனினும், ஐந்து மாதங்களுக்குப் பின்வரும் ஒரு வெள்ளிக்கிழமை தமக்கு விடுப்பு உண்டா என்பதை இன்றே அறிந்தவர் யார்? உணவகத்தில் வாராவாரம் மாறும் பணிமுறையில் உழைப்பவருக்கு அது தெரியாது. பழத்தோட்டக் கூலிக்கும் தெரியாது. விரைவு இணையமும், காலை ஏழு மணிக்கு யாருக்கும் பதில்சொல்லத் தேவையற்ற வேலையும் உடையவர் வெல்வார். நம் பயணக் கட்டுரையாளர்களிற் பலர், சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் கணினித்துறையில் இருப்போர், இந்த வெல்லும் தரப்பினரே. அவர்கள் கட்டுரைகளில் இவ்விவகாரம் இடம்பெறாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மொன்டானா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வொன்று, ஐந்து தேசியப் பூங்காக்களில் கைப்பேசி இருப்பிடத் தரவுகளைக் கொண்டு இருவகை முகாம்களை ஒப்பிட்டது. முன்பதிவு முகாம்களுக்கு வருவோர், முன்பதிவில்லா முகாம்களுக்கு வருவோரைவிட, வருமானம் மிகுந்த பகுதிகளிலிருந்து வருகின்றனர் என்பதே அதன் முடிவு.

இப்பள்ளத்தாக்கை 1864இல் லிங்கன் கையொப்பமிட்ட சட்டம் பொதுமக்கள் பயன்பாட்டுக்கென்று ஒதுக்கியது. அந்தப் 'பொதுமக்களுள்' அங்கே வாழ்ந்துவந்த அஹ்வானீச்சி மக்கள் எண்ணப்படவில்லை. 1851இலேயே படைகொண்டு அவர்களை விரட்டத் தொடங்கியாயிற்று; எஞ்சியிருந்த கடைசிக் குடியிருப்பும் 1969இல் அழிக்கப்பட்டது. பொது என்ற சொல்லுக்குள் யார் யார் அடக்கம் என்பது அங்கே தொடக்கமுதலே தீராத கேள்வி. முன்பதிவுத் தளம் அதை மிக மென்மையாக, காவலர் எவருமின்றிக் கேட்கிறது.

வரிசையில் நிற்கும் பழைய முறைக்குக் கடைசிப் புகலிடமாக இருந்தது கேம்ப் 4. பாறையேறிகளின் முகாம் அது. வெள்ளத்துக்குப் பின் அதனருகே கட்டடங்கள் எழுப்பத் திட்டமிட்டபோது, டாம் ஃப்ராஸ்ட் முதலிய பாறையேறிகள் வழக்காடித் தடுத்தனர். 2003இல் அது நாட்டின் வரலாற்றிடங்கள் பதிவேட்டில் சேர்ந்தது. இருள் பிரியுமுன் எழுந்துவந்து வரிசையில் நிற்பார்கள். யாருடனும் ஓரிடத்தைப் பகிர்ந்துகொள்வார்கள். வானிலை பார்த்துப் பாறையேறும் ஒருவர் ஐந்து மாதங்களுக்கு முன் எந்த நாளைக் குறிப்பார்? 2019இல் அங்கே சோதனையாக முந்தைய நாள் குலுக்கல் நடத்தினர். பின்னர் கோடைக்காலத்துக்கு அங்கும் முன்பதிவு வந்துவிட்டது. ஒரு வாரம் முன்னதாகத் திறக்கிறார்கள் என்பது மட்டுமே ஆறுதல்.

நிற்க. வரிசையைப் புனிதமாக்கவும் நாம் விரும்பவில்லை. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து குழந்தைகளோடு ஐந்தாறு மணிநேரம் வண்டியோட்டி வந்து இடமில்லை என்று திரும்புவது கொடுமை. வரிசை கேட்பது நேரத்தை, முன்பதிவு கேட்பது திட்டமிடும் வசதியை. இரண்டும் எல்லோரிடமும் ஒரே அளவில் இல்லை. இந்தக் குறை குலுக்கலில்தான் மிகக் குறைவு. ஏழு மணிப் பந்தயத்தில் வென்றவர் தம் விரலின் திறமையால் வென்றதாக எண்ணிக்கொள்கிறார்; உண்மையில் அதிலும் பெரும்பங்கு குலுக்கலே. வெளிப்படையான குலுக்கலில், சில நாட்களுக்குள் எப்போது வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம். இரவுப்பணி முடிந்தும் கொடுக்கலாம். ஹாஃப் டோம் உச்சியேறும் அனுமதி பல ஆண்டுகளாகக் குலுக்கலில்தான் வழங்கப்படுகிறது. நார்த் பைன்ஸிலும் 2023இல் முன்குலுக்கல் ஒன்றைச் சோதித்தனர். தோற்றவர்க்கும் திரும்பாத 10 டாலர் விண்ணப்பக் கட்டணத்தை மட்டும் எடுத்துவிட வேண்டும்.

அதோடு, ஒரு பகுதி இடங்களைச் சொல்லாமல் வருவோர்க்கென்று நிறுத்திவைப்பதும் தேவை. பைன்ஸ் முகாம்களில் ஓர் இரவின் வாடகை 36 டாலர். முன்னதாக ரத்து செய்தால் பிடித்தம் 10 டாலர்தான். இவ்வளவு மலிவாக இருப்பதால் போவோமா மாட்டோமா என்று தெரியாமலே பதிந்துவைப்பது எளிது. பதிந்தவர் வராவிட்டாலும் மறுநாள்வரை அவ்விடம் அவருக்கே உரியது. ரத்தாகும் இடங்களைக் கண்காணித்துக் கட்டணத்துக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் தனியார் சேவைகள் இதனால்தான் முளைத்தன. ரத்தாகும் இடங்களை அன்றாடம் மாலையில் முகாம் வாயிலிலேயே, நேரில் வந்து நிற்பவர்க்குத் தரலாம். அதற்குத் தேவை ஒரு மேசையும் ஒரு பணியாளரும்.