கொரியன் புல்லும் நம்மூரு அருகும்

தர்மபுரி பக்கம் புதுசா வீடு கட்டுறவங்க இப்பல்லாம் வாசல்ல ஒரு புல்தரை கேக்கறாங்க. ஆசைதானே, தப்பில்லீங்க. ஆனா போட்டா கொரியன் புல்தான் போடுவேன்னு நிக்கிறாங்க பாருங்க, அங்கதான் இடிக்குது.

நிலத்தடித் தண்ணியில ஃபுளோரைடு அதிகம்னு ஒகேனக்கல்லுல இருந்து குழாய் போட்டு காவிரித் தண்ணி கொண்டாந்த மாவட்டம் இது. ஜப்பான் கடனுதவியில நடந்து 2013-ல திறந்தாங்க. அந்த ஊர்ல, பார்க்க மெத்தை மாதிரி இருக்குங்கிறதுக்காக கோடை முழுக்க புல்லுக்குத் தண்ணி பிடிக்கறது நியாயமா?

அருகம்புல்லைச் சொன்னா, "ஐய, அது களையாச்சே"ன்னு மூக்கைச் சுளிப்பாங்க. வயல்ல களைதான், இல்லேங்கல. மேல ஓடுற தண்டுல கணுவுக்குக் கணு வேர், மண்ணுக்குள்ளயும் ஒரு தண்டு. வெயில்ல சருகாயிடும், ஒரு மழை பெஞ்சா எந்திரிச்சுக்கும். வயல்ல நம்மள அழ வைக்கிற அதே குணம்தான் வாசலுக்கு வேணும். அமெரிக்காக்காரன் இதை பெர்முடா புல்லுங்கறான். ஜார்ஜியாவுல டிஃப்டன்ங்கிற ஊர்ல, இதுக்கும் ஒரு ஆப்பிரிக்கப் புல்லுக்கும் பிறந்த கலப்பை 1960-ல டிஃப்வேன்னு ரகமாவே விட்டாங்க. கோல்ஃப் மைதானத்துக்கெல்லாம் அதான். நாம பிள்ளையாருக்கு ஒரு கைப்பிடி வெச்சுட்டு மிச்சத்தைப் பிடுங்கிப் போடறோம் :-) ஒரே குறை, நிழல்ல வராது. மாமரத்தடியில முயற்சி பண்ணாதீங்க.

மாட்டுத் தீவனத்துலயும் இதே கதை. கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் 2008-ல விட்ட கோ-4 கம்பு நேப்பியர் நல்ல புல்தான். வருசத்துக்கு எக்டேருக்கு 400 டன் வரைக்கும் வருது. ஆனா வருசம் பூரா தண்ணி பாயணும். பென்னாகரம், அரூர் பக்கத்து மானாவாரி மேட்டு நிலத்துக்காரர் அதைக் கேட்டு போர் போடப் போனா யார் பொறுப்பு?

அவங்களுக்கு கொழுக்கட்டைப் புல்லுங்க. 40 டன்தான் வரும். பத்துல ஒரு பங்கு. ஆனா மழையை மட்டும் நம்பி வரும். காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டைப் பாருங்க... சுத்தியும் கிளுவை வேலி, நடுவுல வெள்வேல மரம், கீழே இந்தப் புல்லு. மாடு அங்கேயே மேஞ்சுக்கும். நம்ம ஆலம்பாடி மாடும் காட்டுல மேஞ்சு வளர்ந்த இனம்தானே, அதுக்கு எதுக்கு போர் தண்ணிப் புல்லு?

விதை வாங்கறப்ப மட்டும், எந்த மாசம் அறுத்ததுன்னு கேட்டுக்குங்க. புது விதை சரியா முளைக்காது, ஆறு மாசமாவது கிடக்கணும். எக்டேருக்கு 6 - 8 கிலோ போதும்.