சின்ன முள்ளுக்கு எந்தக் கத்தரி?

கத்தரிக்கோல் வாங்குவதற்கெல்லாம் ஒரு கட்டுரையா என்று கேட்பீர்கள். ஓய்வு பெற்றவனிடம் நேரம் இருக்கிறது. உங்களிடமும் கொஞ்சம் இருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். நான் சொல்ல வருவது இதுதான்: நுணுக்கமான கைவேலைக்குக் கத்தரி வாங்கும்போது பெயரையும் பளபளப்பையும் பார்க்காதீர்கள். நுனியைப் பாருங்கள், திருகாணியைப் பாருங்கள். வாங்கிய பிறகு அதை ஒரே வேலைக்கு ஒதுக்கி வையுங்கள்.

என்னுடைய கைவேலை, தூண்டில் முள்ளில் பொய் ஈ கட்டுவது. நம் திண்டுக்கல்லில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். இங்கே தூண்டில் என்றால் மண்புழு, இல்லாவிட்டால் மைதா உருண்டை. ஆனால் நீலகிரியில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. மலை ஓடைகளில் ட்ரவுட் மீனை வளர்க்க 1860களிலேயே பிரான்சிஸ் டே என்ற மருத்துவர் முயன்று பார்த்தார், பலிக்கவில்லை. பிறகு எச்.சி. வில்சன் என்பவர் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைச் சாதித்தார். அந்த மீன் தண்ணீரில் விழும் பூச்சியைத் தேடித் தின்னும். ஆகவே சேவல் இறகையும் நூலையும் முள்ளில் சுற்றிப் பூச்சி மாதிரி செய்து வீசுவார்கள். குந்தா பக்கம் பணியில் இருந்த காலத்தில் கூட வேலை பார்த்த பெரியவர் ஒருவர் எனக்குக் கட்டக் கற்றுக் கொடுத்தார். மீன் பிடிப்பதை விட்டு வெகு காலம் ஆகிறது. கட்டுவதை மட்டும் விடவில்லை.

இந்த முட்களுக்கு எண் உண்டு. எண் ஏற ஏற முள் சிறிதாகும். 10ஆம் எண் முள்ளை யாரும் கட்டிவிடலாம். 20, 22 என்று போனால் முள்ளே ஒரு அரிசி அளவுதான் இருக்கும். அதில் இறகைச் சுற்றி, முடிச்சுப் போட்டு, மிச்ச நூலை ஒட்ட வெட்ட வேண்டும். கத்தரியின் நுனி தடிமனாக இருந்தால் நூலோடு சேர்ந்து பக்கத்து இறகிழையும் போய்விடும். அரை மணி நேர வேலை ஒரே வெட்டில் பாழ். பெரிய முள்ளில் தெரியாத குறை சின்ன முள்ளில் தெரிந்துவிடும்.

கடையில் என்ன பார்க்க வேண்டும்? முதலில் கத்தரியை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இரண்டு அலகுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி தெரிய வேண்டும். நுனியில் மட்டும் தொட வேண்டும். நல்ல கத்தரியின் அலகு லேசாக வளைந்திருக்கும். அதனால்தான் மூடும்போது வெட்டும் இடம் திருகாணியிலிருந்து நுனி வரை ஒழுங்காக நகர்ந்து போகிறது. அலகு தட்டையாக இருந்தால் நூல் வெட்டுப்படாமல் நடுவே மடியும். அடுத்து, ஒரு தலைமுடியைத் தொங்கவிட்டு நுனியால் மட்டும் வெட்டிப் பாருங்கள். துண்டாக விழுந்தால் வாங்கலாம். மடங்கினால் கடைக்காரர் என்ன சொன்னாலும் வைத்துவிட்டு வாருங்கள். கூரியரில் வரும் கத்தரியை இப்படிப் பார்த்து வாங்க முடியாது என்பதே ஆன்லைனில் வாங்காதீர்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம்.

மூன்றாவது, விரல் வளையம். கட்டும்போது கத்தரியைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்துக் கொள்வது வழக்கம். நம் வயதில் விரல் மூட்டு கொஞ்சம் தடித்திருக்கும். வளையம் சிறிதாக இருந்தால் பத்து நிமிடத்தில் வலி வந்துவிடும். நான்காவது, ரிவிட் அடித்ததா, திருகாணி போட்டதா என்பது. திருகாணி என்றால் தளர்ந்ததை இறுக்கலாம், கழற்றித் தீட்டலாம். ரிவிட் அடித்தது ஆடத் தொடங்கினால் சீர் செய்வது கடினம்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள், இதற்கென்றே செய்த சீமைக் கத்தரிதான் சரி, விலை ஆயிரக்கணக்கில் ஆனாலும் பரவாயில்லை என்பார்கள். அவை நல்லவைதான், மறுக்கவில்லை. ஆனால் கண் அறுவைக்கென்று வந்த ஐரிஸ் கத்தரி என்று ஒன்று இருக்கிறது. சுமார் நாலரை அங்குலம், ஊசி போன்ற நுனி, திருகாணி போட்டது. சர்ஜிக்கல் சாமான் விற்கும் கடையில் கேட்டால் எடுத்துப் போடுவார்கள். வெளிநாட்டிலும் ஈ கட்டுபவர்கள் பலர் இதைத்தான் வைத்திருக்கிறார்கள். இதில் நேர் நுனி, வளைந்த நுனி என இரண்டு உண்டு. பழகுபவருக்கு நேர் நுனி போதும். அலகில் பொடிப் பல் வெட்டியது வழுக்கும் முடியை நன்றாகப் பிடிக்கும். மெல்லிய நூலுக்கு வழவழப்பான அலகே சுத்தமாக வெட்டும்.

கூடவே ஒரு சாதாரணக் கத்தரியும் வேண்டும். கம்பி, ஜரிகை, இறகின் தண்டு எல்லாம் அதற்கு. மெல்லிய நுனியால் ஒரு முறை கம்பியை வெட்டினால் அலகில் பள்ளம் விழும். வீட்டில் இன்னொரு ஆபத்து, பால் பாக்கெட். அதனால்தான் என் கத்தரி மேசை டிராயரில் பூட்டுக்குள் இருக்கிறது.

பூட்டு என்றதும் நம் ஊர் நினைவு வருகிறது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மீரட் கத்தரிக்கு 2013இலேயே கிடைத்துவிட்டது. தாத்தா வாங்கியதைப் பேரன் பயன்படுத்துவான் என்று அந்த ஊரில் சொல்வார்கள். அவ்வப்போது கழற்றித் தீட்டினால்தான் அது பேரன் கைக்குப் போகும். நம் பூட்டும் அப்படித்தான். கையால் அரம் போட்டுச் செய்தது, பழுதானால் பிரித்துச் சரி செய்தது. தூக்கி எறியும் சாமானையே நாம் வாங்கிக்கொண்டிருந்தால், தீட்டித் தருபவரும் பிரித்துச் சரி செய்பவரும் ஊரில் இல்லாமல் போவார்கள். அதற்குப் பிறகு நல்ல கத்தரி வாங்கியும் பயனில்லை. ஒரு எச்சரிக்கை: மெல்லிய நுனியைச் சுழலும் சாணைச் சக்கரத்தில் கொடுக்காதீர்கள், நுனி தேய்ந்துவிடும். சலூன் கத்தரி தீட்டும் கைப்பழக்கம் உள்ளவரிடம் நயமான கல்லில் தீட்டச் சொல்லுங்கள்.

இறகு பற்றியும் ஒரு வார்த்தை. நம் சிறுமலையில் திரியும் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்து இறகுக்கு, சீமையில் ஈ கட்டுபவர்களிடம் ஒரு காலத்தில் பெரிய கிராக்கி. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அது பாதுகாக்கப்பட்ட பறவை. யாராவது கொண்டு வந்து கொடுத்தாலும் வாங்காதீர்கள். கோழிக்கடையில் கிடைக்கும் சேவல் இறகே தாராளம்.

கண்ணாடி போட்ட பிறகு இந்த வேலையெல்லாம் எதற்கு என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். என் அனுபவத்தில், கை நடுங்குகிறது என்று வேலையை விட்டவர்களில் பலருக்குக் கையில் இருந்த கத்தரிதான் மோசமாக இருந்தது. கூர்மையான கத்தரிக்கு அழுத்தம் தேவையில்லை. அழுத்தம் குறைந்தால் நடுக்கமும் குறைகிறது. பூத்தையல் போடும் அம்மாக்களுக்கும், ரேடியோ பிரித்துப் பார்க்கும் ஐயாக்களுக்கும் இது பொருந்தும். கைவேலையை விடுவது என்று முடிவு செய்யும் முன் கத்தரியை ஒரு முறை மாற்றிப் பாருங்கள்.